ஃபேடர் யார் கையில்? கானாவும் ஒலி அளவின் கதையும்

இந்த எபிசோடை ஹெட்ஃபோன்ல கேட்டவங்களுக்கு ஆரம்பத்துல வந்த சத்தம் ஞாபகம் இருக்கும். காசிமேடு மீன்பிடித் துறைமுகம், விடியற்காலை. ஏலம் கூவுறவரோட குரல், ஐஸ் உடைக்கிற சத்தம், படகு இன்ஜின், கூடை இழுக்கிற சத்தம், தூரத்துல ஒரு கப்பலோட சங்கு. எழுத்துல படிக்கிறவங்க மனசுக்குள்ள ஓட்டிப் பாத்துக்கோங்க.

அந்த நாப்பது விநாடியை அஞ்சு ட்ராக்கா வெச்சு எடிட் பண்ணோம். எடிட் டேபிள்ல ஒரு சண்டை. ஏலக்காரர் குரலை மேல தூக்கினா அது ஒரு மனுஷனோட கதை. சங்கைத் தூக்கினா துறைமுகத்தோட கதை. இன்ஜினைத் தூக்கினா ஏதோ சினிமாவுல அடியாளுங்க வர்றதுக்கு முன்னாடி போடுற சத்தம் மாதிரி ஆயிடுது. ஒரே காலை, ஒரே இடம். திரையில ஒரு ஸ்லைடரை ரெண்டு சென்டிமீட்டர் நகர்த்தினா கதையே வேற.

அந்த ஸ்லைடருக்குப் பேரு ஃபேடர். மிக்ஸிங் சாஃப்ட்வேரைத் திறந்தா வரிசையா நிக்குமே, அதான். இன்னைக்கு எபிசோட் அதோட வரலாறு. அதை லண்டன்லயோ நியூயார்க்லயோ ஆரம்பிக்கலாம். நான் ராயபுரத்துல ஒரு சாவு வீட்டுல ஆரம்பிக்கிறேன்.

கானா பாட்டுன்னதும் நிறைய பேருக்கு ஞாபகம் வர்றது கல்யாண ஊர்வலமும் காலேஜ் பஸ்ஸும்தான். ஆனா வட சென்னையில கானா வேர்விட்ட முக்கியமான இடம் சாவு வீடு. 1856 ஜூலை 1-ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. பிறகு துறைமுகம் வளர்ந்தது, பக்கிங்காம், கர்நாட்டிக் மில்கள் வந்தன. மூட்டை தூக்கவும், தறி ஓட்டவும், கரி அள்ளவும் ஊர் ஊராக மக்கள் வந்து குடியேறினார்கள். 1918-இல் இந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. அந்தக் குடியிருப்புகளில், தலித் மக்களும் மற்ற உழைக்கும் மக்களும் வாழ்ந்த தெருக்களில், ஒருத்தர் செத்துப்போனால் இரவு முழுக்க உட்கார்ந்து பாடுவார்கள். செத்தவரின் பெயர், அவர் பார்த்த வேலை, விட்டுட்டுப் போன பிள்ளைகள், 'இதெல்லாம் எத்தனை நாளைக்கு' என்கிற நிலையாமை. பட்டினத்தாரின் சமாதி திருவொற்றியூர்க் கடற்கரையில்தான் இருக்கு. அந்தப் பக்கத்து ஆளுங்க பாட்டுல நிலையாமை வர்றதுல ஆச்சரியப்பட ஒண்ணுமில்லை.

இப்போ அந்த இரவை ஒரு ரெக்கார்டிங் இன்ஜினியரோட காதால கேளுங்க. மைக் இல்லை. நடுவுல பாடுறவர். பக்கத்துல டோலக். சில இடங்கள்ல சட்டி, கட்ட மோளம். ஒண்ணும் இல்லைன்னா பெஞ்ச், தீப்பெட்டி. சுத்தி உட்கார்ந்திருக்கிறவங்க கடைசி வரியைத் திருப்பிப் பாடுவாங்க. பாடுறவர் ஒரு வரியைத் தொடங்கும்போது டோலக்காரர் கையை இறக்கிடுவார், விரல் நுனியால மட்டும் வாசிப்பார். வரி முடிஞ்ச அந்த நொடியில உள்ளங்கை முழுசா விழும். திரும்ப அடுத்த வரி, திரும்ப விரல் நுனி. யாரும் சொல்லிக் கொடுக்கறதில்லை. வார்த்தை கேக்கணும், ஏன்னா அந்த வார்த்தையில இருக்கிறது செத்துப்போனவரோட பேரு. அது கேக்கலைன்னா ராத்திரி முழுக்க உட்கார்ந்ததுக்கு அர்த்தமே இல்லை.

இதுதான் மிக்ஸிங். இன்னைக்கு சாஃப்ட்வேர்ல இதையே கோடு போட்டுச் செஞ்சா 'ஆட்டோமேஷன்'னு சொல்றோம். குரல் வர்ற இடத்துல மோளத்தோட கோடு தானா கீழ இறங்கும், குரல் நின்னதும் மேல ஏறும். டோலக்காரர் அதை மணிக்கட்டுலயே வெச்சிருந்தார்.

சரி, இப்போ இயந்திரங்களோட பக்கம் போவோம். 1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிய பாட்டுகள் இந்தியாவின் முதல் வணிக இசைத்தட்டுப் பதிவுகளில் சேர்ந்தவை. அப்போ மைக் கிடையாது. ஒரு பெரிய கூம்பு, அதோட முனையில ஒரு ஊசி, கீழ சுத்துற மெழுகுத் தட்டு. கூம்புக்குள்ள போற சத்தம்தான் ஊசியை ஆட்டும். ஒலி அளவை மாத்தணும்னா ஒரே வழி தூரம். பாடகி கூம்போட வாய்க்குப் பக்கத்துல நிக்கணும், மோளம் தள்ளி உட்காரணும். மேல்நாட்டுல வயலின் சத்தம் பத்தலைன்னு வயலினுக்கே ஒரு உலோகக் கூம்பு பொருத்தினாங்க. உச்சஸ்தாயியில பாடப் போறப்போ பாடகியோட தோளைப் பிடிச்சுப் பின்னால இழுக்கறதுன்னுகூட ஒரு வேலை இருந்தது. ஃபேடருக்கு முன்னாடி மனுஷங்களையே நகர்த்தினாங்க, அவ்வளவுதான்.

அந்தக் கூம்பு எங்கெங்க போச்சுங்கறதும் ஒரு கதை. சபையில பாடுறவங்க, கோயில் மரபுல வந்த பாடகிகள், அப்புறம் நாடக மேடை. எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் தட்டுகள் தமிழ்நாடு முழுக்க ஓடின. மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கேக்கற குரல்கள் அவை. ராயபுரத்துல ராத்திரி பாடுனவரோட குரலும் அப்படிப்பட்டதுதான். ஆனா அந்தக் கூம்பு அவர் வீட்டுப் பக்கம் திரும்பலை. ஒரு சத்தத்தோட அளவைக் குறைக்க அதைப் பதிவே பண்ணாம விடறதை விடப் பெரிய வழி கிடையாது.

1925-இல் மின்சாரப் பதிவு வந்தது, மைக் வந்தது. 1931-இல் 'காளிதாஸ்', தமிழின் முதல் பேசும் படம். அதுக்கப்புறம் ரொம்ப காலத்துக்குக் கோடம்பாக்கத்துல ஒரு பாட்டுன்னா ஒரு பெரிய ஹால், ஒரு கும்பல் வாத்தியக்காரங்க, பாடகர், எல்லாரும் ஒரே நேரத்துல. ஒரு வயலின்காரர் தப்பு பண்ணா முதல்ல இருந்து. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற ஒலிப்பதிவாளர், பாட்டு ஓட ஓட மைக்குகளோட அளவைக் கூட்டிக் குறைச்சு ஒரே ஒரு ட்ராக்குக்குள்ள அடைப்பார். அங்க முடிவானது முடிவானதுதான். நாளைக்கு 'புல்லாங்குழல் கொஞ்சம் கம்மியா இருந்திருக்கலாம்'னு தோணினா ஒண்ணும் செய்ய முடியாது.

இந்த 'முடிவானது முடிவானதுதான்'கிற பூட்டைத் திறந்ததுதான் மல்ட்டி ட்ராக்.

அமெரிக்காவுல லெஸ் பால்னு ஒரு கிட்டார்காரர். தன்னோட கிட்டாரையே ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிப் பதிவு பண்ணுவார். ஆனா ஒவ்வொரு அடுக்கு ஏறும்போதும் கீழ இருக்கிற அடுக்கோட தரம் கொஞ்சம் தேயும். அதனால அவர் ஒரு தந்திரம் வெச்சிருந்தார்: முக்கியமில்லாத வாத்தியத்தை முதல்ல பதிவு பண்றது, முக்கியமானதைக் கடைசியா வைக்கிறது. 1957-இல் ஆம்பெக்ஸ் நிறுவனம் அவருக்கு எட்டு ட்ராக் டேப் மெஷின் செய்து கொடுத்தது. எட்டும் தனித்தனி. பதிவு ஒரு நாள், அளவு வைக்கிறது இன்னொரு நாள். அடுத்த வருஷமே அட்லான்டிக் ரெக்கார்ட்ஸ் கம்பெனிக்கும் அப்படி ஒரு மெஷின் போனது. அங்கே இருந்த டாம் டவுட் என்ற இன்ஜினியருக்கு ஒரு பிரச்சினை. அப்போதைய மிக்ஸிங் பலகையில் இருந்ததெல்லாம் பழைய ரேடியோவில் இருக்குமே, அந்த மாதிரி பெரிய உருண்டைத் திருகுகள். ரெண்டு கையால் ரெண்டைத்தான் திருப்ப முடியும். எட்டு ட்ராக்கை எப்படி ஓட்டுறது? திருகைத் தூக்கிட்டு, மேலும் கீழும் நகரும் சறுக்குக் கட்டைகளை வரிசையாகப் பொருத்தினார். விரலுக்கு ஒண்ணு. ஆர்மோனியம் வாசிக்கிற மாதிரி.

உங்க லேப்டாப் திரையில இருக்கிற ஃபேடர் அந்தக் கட்டையோட படம்தான். 1991-இல் வந்த புரோ டூல்ஸ் நாலு ட்ராக்கோடு ஆரம்பிச்சது. 1989-இல் அட்டாரி கம்ப்யூட்டருக்கு வந்த கியூபேஸ், முதல்ல கீபோர்டு குறிப்புகளை மட்டும் கையாண்டு அப்புறம் ஒலிக்கும் வந்தது. 2000-த்தில் இலவச ஆடாசிட்டி. இப்போ போன்லயே பேண்ட்லேப். கட்டை போயிடுச்சு, கட்டையோட படம் நின்னுடுச்சு.

நம்ம ஊர்ல இந்தப் பூட்டு திறந்த நேரமும் சுவாரஸ்யமானது. 1978-இல் வந்த 'ப்ரியா' படத்துக்கு இளையராஜா பாட்டுகளை ஸ்டீரியோவில் பதிவு செஞ்சார். 1989-இல் ஏ.ஆர். ரஹ்மான் கோடம்பாக்கம் வீட்டுக்குப் பின்னால் பஞ்சதன் ரெக்கார்டு இன் ஸ்டுடியோவைத் தொடங்கினார். 1992-இல் 'ரோஜா' வந்தது. அவர் பாட்டுகளுக்கு ஒலி அளவு வைத்த எச். ஸ்ரீதர் நாலு முறை தேசிய விருது வாங்கியவர். 2008-இல் இறந்துபோனார். தமிழ்ப் பாட்டுல மூச்சு விடற சத்தம், ஒரு சின்ன மணி ஒலி எல்லாம் தனியா நின்னு கேக்க ஆரம்பிச்சதுல அவர் காதுக்குப் பெரிய பங்கு இருக்கு. பாட்டோட கடைசில இருக்கிற பேர்ப் பட்டியலை யாரும் படிக்கறதில்லை, அதனால இங்க சொல்லி வைக்கிறேன்.

அதே 1990-கள்லதான் தேவா கானாவை சினிமாவுக்குப் பெருசா கொண்டுவந்தார். இதுல எனக்கு ரெண்டு மனசு உண்டு. தேவா இல்லைன்னா மதுரையிலயும் கோயமுத்தூர்லயும் கானாங்கற வார்த்தையே தெரிஞ்சிருக்காது. அது பெரிய விஷயம். ஆனா சினிமாவுக்கு வேண்டியிருந்தது நாயகன் ஆடறதுக்கு ஒரு பாட்டு. அதனால மோளத்தோட ஃபேடர் மேல போச்சு. வேகம் கூடிச்சு. பாட்டுல இருந்த துக்கம் கீழ போச்சு. சாவு வீட்டுல குரலுக்காகக் கையை இறக்கின டோலக்காரர், தியேட்டர்ல விசில் வர்றதுக்காகக் கையைத் தூக்க வேண்டியதாச்சு. 2006-இல் 'சித்திரம் பேசுதடி' படத்துல கானா உலகநாதன் பாடி ஆடின மீன் கல்யாணப் பாட்டு ஊரையே கலக்கிச்சு, ஞாபகம் இருக்கும். கானாக்காரரோட குரலே திரைக்கு வந்த நேரம் அது. 2012-இல் 'அட்டகத்தி'யில சந்தோஷ் நாராயணன் இசையில கானா பாலா. 2014-இல் 'மெட்ராஸ்' படத்துல அதே கானா பாலா குரல்ல ஒரு இரங்கல் பாட்டு. வியாசர்பாடியில நடக்கிற கதை, ஒரு சாவு, அந்தச் சாவுக்கு ஒரு கானா. அந்த இடத்துல மோளம் கொஞ்சம் வழி விட்டுடும். தியேட்டர்ல எனக்குப் பக்கத்துல உட்கார்ந்திருந்தவர் அந்த நேரத்துல பாப்கார்ன் திங்கறதை நிறுத்தினார்.

இப்போ என் கதை. கொஞ்சம் வெட்கமான கதை.

சில வருஷத்துக்கு முன்னாடி காசிமேட்டுல ஒரு கானா அண்ணனைப் பதிவு பண்ணப் போனேன். ஹார்பர்ல லோடு ஏத்தற வேலை பாத்து ஓய்வு பெற்றவர். பேரு வேண்டாம்னு சொல்லிட்டார். ஒரு சின்ன அறை, ஜன்னலுக்குப் போர்வை, குரலுக்கு ஒரு மைக், டோலக்குக்கு ரெண்டு, கூடப் பாடுறவங்களுக்கு ஒண்ணு, கட்ட மோளத்துக்கு ஒண்ணு. நல்லா வந்தது. வீட்டுக்கு வந்து ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் மிக்ஸ் பண்ணேன். மறுநாள் எடுத்துட்டுப் போய் அவர் போன்ல போட்டுக் காட்டினேன். முழுசா கேட்டார். அப்புறம் சொன்னார்: 'நல்லாத்தான் கீது தம்பி. ஆனா நான் இன்னா சொல்றேன்னே தெரியலையே. என் வாய் எங்க போச்சு?'

எங்க தப்பு பண்ணேன்னு கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆச்சு. மொத்தம் நாலு தப்பு. உங்களுக்கும் உதவும், அதனால விலாவாரியா சொல்றேன்.

நான் ஒவ்வொரு ட்ராக்கையும் தனியா 'சோலோ' போட்டு அழகு பண்ணேன். டோலக் மட்டும் கேட்டா பிரமாதம். கட்ட மோளம் மட்டும் கேட்டா பிரமாதம். குரல் மட்டும் கேட்டா பிரமாதம். ஆனா யாரும் பாட்டைத் தனித்தனியா கேக்கப் போறதில்லை. டோலக்கோட இடது முகம், கட்ட மோளம், ஆம்பளைக் குரலோட அடிப்பகுதி எல்லாம் கீழ்ஸ்தாயியில ஒரே இடத்துக்குப் போட்டி போடறவை. ஒரே பெஞ்சுல மூணு பேர் உட்கார்ந்தா நடுவுல இருக்கிறவன் நசுங்குவான் இல்லையா, அது மாதிரி. பலமான சத்தம் பக்கத்து அலைவரிசையில இருக்கிற மெல்லிய சத்தத்தை மறைச்சுடும். இதுக்கு மேல ஏத்தறது வைத்தியம் இல்லை. மோளத்துல கொஞ்சம் இடத்தை வெட்டிவிடணும், இல்லைன்னா இறக்கணும்.

ரெண்டாவது, நான் வேலை செஞ்ச நேரம். ராத்திரி ரெண்டு மணிக்கு வீட்ல எல்லாரும் தூங்கறாங்க, அதனால சத்தத்தைக் கம்மியா வெச்சுக் கேட்டேன். 1933-இலேயே ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு பேர் கண்டுபிடிச்சுச் சொன்ன விஷயம்: சத்தம் குறைவா இருக்கும்போது மனுஷக் காதுக்குக் கீழ்ஸ்தாயி ரொம்பக் கம்மியா கேக்கும். அதனால எனக்கு மோளம் பத்தலைன்னு தோணிச்சு. ஏத்தினேன். இன்னும் பத்தலை, இன்னும் ஏத்தினேன். பகல்ல பெட்டி ஸ்பீக்கர்ல போட்டா ஜன்னல் அதிருது.

மூணாவது, எண்ணிக்கை. ஒரே அளவுல ரெண்டு சத்தம் சேர்ந்தா மொத்தம் சுமார் 3 டெசிபல் கூடும். நாலு சேர்ந்தா 6. ஒவ்வொரு ட்ராக்கும் பச்சையில இருக்குன்னு நிம்மதியா இருந்தேன். எல்லாம் சேர்ற மாஸ்டர்ல சிவப்பு எரிஞ்சுட்டே இருந்தது. டிஜிட்டல்ல பூஜ்யத்துக்கு மேல இடமே கிடையாது, அலையோட தலை வெட்டுப்பட்டுடும். டேப்னா கொஞ்சம் கரகரன்னு மன்னிச்சுடும், கம்ப்யூட்டர் மன்னிக்காது.

கடைசித் தப்புதான் பெரிய தப்பு. நான் மோளத்துல ஆரம்பிச்சேன். முதல்ல மோளம், அதுக்கு மேல டோலக், அதுக்கு மேல கூட்டுக்குரல், எல்லாம் நிறைஞ்சப்புறம் மிச்சம் இருக்கிற இடத்துல அண்ணனோட குரல். டான்ஸ் பாட்டுக்கு அது சரியான வரிசையா இருக்கலாம். இது செத்துப்போன தன் கூட்டாளியைப் பத்தி ஒருத்தர் பாடற பாட்டு.

எல்லா ஃபேடரையும் அடியில இறக்கினேன். குரலை மட்டும் தூக்கினேன். வார்த்தை ஒண்ணு விடாம புரியற வரைக்கும். அப்புறம் டோலக்கைக் கொஞ்சம் கொஞ்சமா, குரல் உறுத்தற இடம் வந்ததும் நிறுத்தி, ஒரு படி இறக்கி. அப்புறம் மத்தது. போன் ஸ்பீக்கர்ல கீழ்ஸ்தாயி வரவே வராது, அதனால டோலக்கோட வலது முகத்தை, அந்த 'தக்' சத்தத்தைக் கொஞ்சம் தூக்கினேன். அப்போ மோளம் கேக்காத போன்லயும் தாளம் தெரியும். நான் ரெண்டாவது முறை கேக்கும்போதுதான் கவனிச்சேன், ஆட்டோமேஷன் கோடு எங்கயும் போட வேண்டிய அவசியமே வரலை. டோலக்காரர் ஏற்கெனவே கையால போட்டு வெச்சிருந்தார். முதல் மிக்ஸ்ல நான் கம்ப்ரஸரை அழுத்தி அந்த ஏற்ற இறக்கத்தைத் தட்டையாக்கி இருந்தேன்.

ஒரு ஆளோட பாட்டுலயே இவ்வளவு சிக்கல். இதையே ஒரு மேடை நிறைய ஆளுங்களோட யோசிச்சுப் பாருங்க. 2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கம். பா. ரஞ்சித்தோட நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவை மேடையேத்தினாங்க. அயோத்திதாசர் சொன்ன 'சாதியற்ற தமிழர்' என்கிற எண்ணத்துல இருந்து வந்த பேரு. பத்தொன்பது பேர். கானா பாடகர்கள், ராப், பறை, தவில், டோலக், சட்டி, கட்ட மோளம், கூடவே டிரம்ஸ், கிட்டார்.

டிரம்ஸும் கிட்டாரும் வந்துட்டா, ராக் பாட்டோட பழக்கப்படி ஒலி அளவு வைக்கிறவர் கை தானா டிரம்ஸைத்தான் முதுகெலும்பா வைக்கும். பறையும் சட்டியும் 'கிராமிய வண்ணம்' மாதிரி ஓரமா போயிடும். எத்தனையோ ஃப்யூஷன் பாட்டுல அப்படித்தானே கேட்டிருக்கோம்? பறை எட்டு விநாடி வரும், கிட்டார் நாலு நிமிஷம் வரும். இந்தக் குழு வந்ததே பறையையும் கானாவையும் நடுவுக்குக் கொண்டுவரத்தான். அப்போ மிக்ஸிங் பலகையில எதை எங்க வைக்கிறதுங்கற கேள்வியும் அரசியல் கேள்விதான். பறையோட குச்சி அடி கூர்மையானது, ஸ்னேர் டிரம் இருக்கிற அதே இடத்தைக் கேக்கும். ரெண்டுக்கும் இடம் கொடுக்க முடியாது. யாரோ ஒருத்தர் கொஞ்சம் பின்னால போகணும்.

அந்த மேடையில நின்னவங்கள்ல ஒருத்தர் இசைவாணி. ராயபுரத்துல வளர்ந்தவர். ஆம்பளைங்களே பாடிட்டிருந்த கானா மேடையில ஒரு பொண்ணு. 2020-இல் பிபிசி வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியல்ல அவர் பேர் இருந்தது. இதுலயும் ஒரு ஒலிக் கணக்கு இருக்கு. கனத்த ஆம்பளைக் குரல் கட்ட மோளத்தோட மோதும். பொம்பளைக் குரல் பெரும்பாலும் அந்த நெரிசலுக்கு மேல நிக்கும், சுலபமா கேக்கும். அதாவது சத்தத்தோட இயற்பியல் பெண் கானாப் பாடகிக்கு எந்தத் தடையும் போடலை. தடை வேற எங்கயோ இருந்தது.

கொஞ்சம் வடக்கே போவோம். திருவொற்றியூர், எண்ணூர். இதைச் சொல்லாம இந்த எபிசோடை முடிக்க முடியாது, ஏன்னா அங்க இருக்கிறவங்களுக்கு ஒரு ட்ராக் எப்பவும் ஓடிட்டே இருக்கும், அதோட ஃபேடர் அவங்க கையில இல்லை.

ஒரு காலத்துல திருவொற்றியூர் சங்கீதக்காரங்களோட ஊர். வீணை குப்பையர் இருந்த ஊர். தியாகராஜர் அங்க வந்து திரிபுரசுந்தரி மேல அஞ்சு கிருதி பாடியிருக்கார். பிறகு 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் தொழிற்சாலை வைத்தது. பின்னாளில் அதுதான் அசோக் லேலண்ட். 1955-இல் என்ஃபீல்டு இந்தியா. 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையம், 2001-இல் எண்ணூர்த் துறைமுகம். வேலை வந்தது, அதை இல்லைன்னு சொல்ல முடியாது. சாம்பல் வந்தது. கன்டெய்னர் லாரி வந்தது. ரெக்கார்டிங்ல 'நாய்ஸ் ஃப்ளோர்'னு ஒண்ணு சொல்வாங்க. யாரும் பேசாம, ஒண்ணும் நடக்காம இருக்கும்போது மைக்ல என்ன சத்தம் இருக்கோ அதுதான் தரை. அதுக்கு மேல இருக்கிறதுதான் கேக்கும். ஸ்டுடியோவுல காசு செலவு பண்றதே அந்தத் தரையைத் தாழ்த்தறதுக்குத்தான். எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்துல இருக்கிற ஒரு வீட்டோட தரை எவ்வளவு உயரத்துல இருக்கும்னு யோசிங்க. அங்க பாட்டுப் பதிவு பண்ற பசங்க எனக்குச் சொன்னது, லாரி வர்ற இடைவெளிக்கு நடுவுல ஒவ்வொரு வரியா பாடறாங்களாம்.

2017 ஜனவரியில 'சென்னை புறம்போக்குப் பாடல்' வந்தது இந்த எண்ணூரைப் பத்தித்தான். கபேர் வாசுகி எழுத்து, டி.எம். கிருஷ்ணா குரல். சபை மேடையில கேட்டுப் பழகின ஒரு குரல், கர்னாடக ராகங்கள்ல, பேச்சுத் தமிழ் வார்த்தைகளை, எண்ணூர்க் கழிமுகத்துல மின் நிலையங்களுக்கும் சாம்பலுக்கும் நடுவுல நின்னு பாடுது. 'புறம்போக்கு'ங்கறது ஒரு காலத்துல எல்லாருக்கும் பொதுவான நிலம், அது எப்படித் திட்டற வார்த்தையா ஆச்சுங்கறதுதான் அந்தப் பாட்டோட கேள்வி. அந்த வீடியோவைத் திரும்பப் பாருங்க. கண்ணுக்குக் காட்சி முழுக்கத் தொழிற்சாலை. காதுக்கு முன்னால குரல். அங்க வாழற யாருக்கும் அந்த அளவு விகிதம் நிஜத்துல கிடைக்காது.

கடைசியா ஒரு சின்னத் தகவல், பாட்டு வெளியிடறவங்களுக்கு. ரொம்ப நாளா எல்லாரும் பாட்டை முடிஞ்ச வரைக்கும் சத்தமா வைக்கப் போட்டி போட்டாங்க, பக்கத்துப் பாட்டை விட நம்ம பாட்டு கேக்கணும்னு. இப்போ அந்தப் போட்டியில அர்த்தம் இல்லை. ஸ்பாட்டிஃபை, யூடியூப் மாதிரி தளங்கள் எல்லாப் பாட்டையும் சுமார் மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் என்கிற ஒரே அளவை ஒட்டி வெச்சுடும். நீங்க அழுத்தி அழுத்திச் சத்தமாக்கின பாட்டை அது பேசாம இறக்கிடும். இறங்கினப்புறம் மிச்சம் இருக்கிறது தட்டையான மோளமும் நசுங்கின குரலும்தான். ஏற்ற இறக்கத்தோட விட்ட பாட்டு அதே அளவுல இன்னும் உயிரோட கேக்கும். கல்யாண ஊர்வல வண்டிக்குத் தனியா ஒரு மிக்ஸ் வேணும்னா பண்ணிக்கோங்க, அது வேற.

அந்த அண்ணனோட ரெண்டாவது மிக்ஸ் என்ன ஆச்சுன்னு கேட்டீங்கன்னா, எடுத்துட்டுப் போனேன். ராயபுரம் பாலத்துக்குக் கீழ ஒரு டீக்கடை. போன்ல போட்டேன். காதுகிட்ட வெச்சுக்கிட்டார். முதல் வரியில செத்துப்போனவர் பேர் வந்தது. சரியா அப்போ ஒரு ட்ரெய்லர் லாரி ஹார்ன் அடிச்சுட்டுப் போச்சு, ஒண்ணும் கேக்கலை. போனைத் தள்ளி வெச்சுட்டார். லாரி போறவரைக்கும் டீயை ஒரு வாய் குடிச்சார்.

'மறுபடியும் மொதல்லேருந்து போடு தம்பி'ன்னார்.